பிள்ளையை விடுதியில் சேர்க்கப் போகிறீர்களா? ஒரு வார்டனாக நான் பார்த்தவை

விடுதி திறக்கும் நாளில் எனக்கு முதல் வேலை வாளியில் பெயர் எழுதுவதுதான். வெள்ளை பெயின்ட் டப்பாவும் மெல்லிய பிரஷ்ஷுமாக வராந்தாவில் உட்கார்ந்துவிடுவேன். ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து விட அப்பா, அம்மா, பாட்டி, சித்தி என்று வண்டி நிறைய ஆட்கள் வந்து இறங்குவார்கள். ட்ரங்க் பெட்டி, சுருட்டிய மெத்தை, பூட்டு, முறுக்கு டின், புது வாளி, மக். நான் வாளியைக் கவிழ்த்து வைத்துப் பெயரும் வகுப்பும் எழுதுவேன். பெயின்ட் காயும் வரை அந்தப் பிள்ளை பக்கத்திலேயே நிற்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் அது யார் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, யார் பேச்சுக்குத் தலையாட்டுகிறது, யார் முகத்தைப் பார்க்காமல் இருக்கிறது என்று கவனித்துக்கொள்வேன். அடுத்த ஒரு மாதத்துக்கு அது எனக்கு ரொம்ப உதவும்.

2009 ஜூன் முதல் 2020 மார்ச் வரை, நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரு தனியார் பள்ளியின் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்தேன். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரையுள்ள பிள்ளைகள். என் கணவருக்கு லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை. வீடு பக்கத்திலேயே இருந்தாலும் வாரத்தில் ஆறு ராத்திரி நான் படுத்தது விடுதியில்தான். இப்போதும் ஏப்ரல், மே வந்தால் சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் போன் செய்து, "பாப்பாவ ஹாஸ்டல்ல போடலாமுங்களா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரேயடியாக எழுதி வைக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் இத்தனை விடுதிப் பள்ளிகள் பெருகியதற்குக் காரணம் மார்க். தமிழ்நாட்டில் தொழிற்படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வு 2007-ல் நின்றது. அதன்பிறகு டாக்டர் சீட்டோ இன்ஜினியர் சீட்டோ, எல்லாமே பிளஸ் டூ மார்க்கில்தான் என்றாகிவிட்டது. 1200-க்கு 1180, கட்-ஆஃப் 200-க்கு 198 என்று வாங்க வைக்கும் பள்ளியைத் தேடி ராமநாதபுரம், திருவண்ணாமலை, நாகப்பட்டினம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு முடித்துவிட்டு, இரண்டு வருஷமும் பிளஸ் டூ புத்தகத்தையே நடத்துவது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. 2017-ல் மருத்துவ சீட்டுக்கு நீட் வந்தது. அதே வருஷம் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தினார்கள். 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025-26 முதல் அந்தப் பொதுத்தேர்வை ரத்து செய்துவிட்டார்கள். ஆகவே பிளஸ் ஒன்னில் சேர்ப்பவர்கள், பதினோராம் வகுப்புப் பாடத்தை முழுசாக நடத்துவார்களா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சேருங்கள். அந்தப் பாடம் இல்லாமல் நீட்டும் எழுத முடியாது, ஐஐடி மாதிரி இடங்களில் இன்ஜினியரிங் சேர எழுதும் ஜேஇஇயும் எழுத முடியாது. படிப்பைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் நடப்பதைப் பற்றி.

புதுப் பிள்ளைகள் ராத்திரியில்தான் அழும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ராத்திரி அசதியில் தூங்கிப் போகும். அழுகை வரும் நேரம் சாயங்காலம் ஆறு மணி. விளையாட்டு முடிந்து, கைகால் கழுவி, ஸ்டடிக்கு மணி அடிக்கும் முன்னால் அரைமணி நேரம் சும்மா இருக்கும். வீட்டில் விளக்கு வைக்கிற நேரம் அது. அப்பா வேலையிலிருந்து திரும்புகிற நேரம். ஒரு பிள்ளை விசும்ப ஆரம்பித்தால் போதும், ஹால் முழுக்கப் பரவிவிடும். முதல் இரண்டு வருஷம் அதட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், கதை சொல்லிப் பார்த்தேன். வீட்டுப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றுகூடச் சொல்லி வைத்திருந்தேன்.

மூன்றாவது வருஷம் ஒருநாள் சமையல் ஆயா வரவில்லை. மறுநாள் பொரியலுக்கு முருங்கைக்கீரை கட்டுக்கட்டாகக் கிடந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து ஆளுக்கு ஒரு கொத்து கொடுத்தேன். "துணியில சுத்தி வச்சா ராத்திரியில தானா உதிர்ந்துடும் மேம், எங்க பாட்டி அப்படித்தான் பண்ணும்" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "எங்க அம்மா காம்பப் பிடிச்சு ஒரே இழுப்புல உருவிடும்" என்று செய்து காட்டினாள். யார் வீட்டில் கீரைக்கு முட்டை போடுவார்கள், யார் வீட்டில் தேங்காய் போடுவார்கள் என்று பேச்சு வளர்ந்தது. ஸ்டடி மணி அடித்தபோதுதான் எனக்கு உறைத்தது, அன்று ஒரு பிள்ளைகூட அழவில்லை. வீட்டைப் பற்றிப் பேசினால் ஏக்கம் கூடும் என்று நான் நினைத்திருந்தது தப்பு. பேச விட்டால் குறைகிறது. அதன்பிறகு ஒவ்வொரு ஜூன், ஜூலையிலும் ஆறு மணிக்கு ஏதாவது ஒரு கைவேலை இருக்கும். கீரை ஆய்வது, பூண்டு உரிப்பது, பூ கட்டுவது. முப்பது, நாற்பது நாளில் பெரும்பாலான பிள்ளைகள் பழகிவிடுவார்கள். அந்த நாட்களில் பெற்றோர் செய்கிற ஒன்றிரண்டு காரியங்கள்தான் அதை நீட்டித்துவிடும்.

அதில் முதலாவது, பொய் சொல்லிவிட்டுக் கிளம்புவது. தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, "இதோ கடைக்குப் போயிட்டு வந்துடறேன் சாமி" என்று மகளிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். அழுகையைப் பார்க்கத் தாங்காமல் சொன்ன பொய்தான். அந்தப் பெண் கேட்டுக்குப் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்தவள் ராத்திரி எட்டரை மணி வரை எழுந்திருக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால், "அம்மா வந்ததும் சாப்பிடறேன்" என்றாள். வாட்ச்மேன் கேட்டைப் பூட்டியதைப் பார்த்த பிறகுதான் என்னோடு உள்ளே வந்தாள். அதற்கப்புறம் மாசக்கணக்கில் யார் எதைச் சொன்னாலும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் வரும் என்று நான் சொன்னால்கூட, "நிஜமா மேம்?" என்று இரண்டு தடவை கேட்பாள்.

நேராகவே சொல்லுங்கள். "நான் ஊருக்குப் போறேன். ரெண்டாவது ஞாயிறு வருவேன்." தேதியைக் காலண்டரில் குறித்துக் கொடுங்கள். அந்தத் தேதிக்கு எப்பாடு பட்டாவது வந்துவிடுங்கள். படுக்கையை நீங்களே விரித்துக் கொடுத்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள். ராத்திரிச் சாப்பாடு வரை நின்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று காத்திருந்தால், நீங்கள் போகும் நேரமும் அந்த ஆறு மணியும் ஒன்றாகிவிடும்.

அடுத்தது போன். நான் சேர்ந்தபோது ஒரு ரூபாய் காயின் போன் ஒன்று மாட்டியிருந்தது. பிறகு விடுதிக்கென்று இரண்டு செல்போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஐந்து நிமிடம். வரிசையை ஒழுங்குபடுத்த நான் பக்கத்திலேயே நிற்பேன் என்பதால் எல்லார் வீட்டுப் பேச்சும் காதில் விழும். பெரும்பாலான வீடுகளில் மூன்றே கேள்விதான். சாப்பிட்டியா, டெஸ்ட்ல எவ்வளவு, உடம்பு நல்லா இருக்கா? பிள்ளை மூன்றுக்கும் "ம்" சொல்லும். ஒரு நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும்.

ஒரு தாத்தா மட்டும் வேறு மாதிரி. சேந்தமங்கலம் பக்கத்துக்காரர், காது கொஞ்சம் மந்தம் என்பதால் சத்தமாகப் பேசுவார். "கண்ணு, வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டிருக்குது. ஒண்ணுக்கு நெத்தியில வெள்ளைச் சுட்டி. அதுக்கு உன்ற பேரத்தான் வச்சிருக்கேன்." பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்தவள் அதே மூச்சில், "தாத்தா, என் செருப்ப யாரோ எடுத்துட்டாங்க, நாலு நாளா வெறுங்காலோடதான் போறேன்" என்றாள். நான் அவள் காலைப் பார்த்தேன். தினமும் மூன்று வேளை அந்தப் பிள்ளைகளை எண்ணிச் சாப்பாட்டுக்கு அனுப்புகிற ஆள் நான். நாலு நாளும் என் கண்ணில் படவில்லை. "உடம்பு நல்லா இருக்கா?" என்று கேட்டிருந்தால் அவளும் "ம்" என்றுதான் சொல்லியிருப்பாள்.

அதனால், ஊர்க்கதை பேசுங்கள். கன்றுக்குட்டி, பக்கத்து வீட்டுச் சண்டை, இன்றைக்கு என்ன குழம்பு, எதுவானாலும் சரி. வாய் திறந்தால் குறையும் சேர்ந்து வந்துவிடும். பிள்ளை போனில் அழுதால் அடித்துப் பிடித்துக் கிளம்பி வர வேண்டாம். அரைமணி கழித்து வார்டனுக்குப் போன் போட்டு இப்போது என்ன செய்கிறாள் என்று கேளுங்கள். பெரும்பாலும் விளையாடிக்கொண்டிருப்பாள், நீங்கள்தான் ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருப்பீர்கள். இன்னொன்றையும் வார்டனாக இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். சேர்க்கும்போதே, யாரும் ஒட்டுக்கேட்காமல் பிள்ளை பேச முடியுமா என்று கேளுங்கள். அந்தச் செருப்பு விஷயத்துக்குப் பிறகு நான் என் நாற்காலியை வராந்தாவின் மறுகோடிக்குக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டேன்.

2013-ல் நடந்ததை இத்தனை வருஷம் கழித்தும் என்னால் சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அறந்தாங்கிப் பக்கம். திங்கட்கிழமை டெஸ்ட் என்றால் அவளுக்குக் காலையில் வயிற்றுவலி வரும். என் நோட்டில் அந்தப் பருவத்தில் மட்டும் ஆறு தடவை "வயிற்றுவலி" என்று அவள் பெயருக்கு நேரே எழுதியிருந்தது. ஒரு வியாழக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மறுநாள் கணக்கு டெஸ்ட். நான் ஓமத்தண்ணீர் கொடுத்து, "படுத்துத் தூங்கு, சரியாப்போயிடும்" என்று அனுப்பிவிட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு அவளோடு படுக்கிற பெண் வந்து என்னை எழுப்பினாள். இரண்டு முறை வாந்தி. நிமிர்ந்து நிற்க முடியாமல் குனிந்தபடியே நடந்தாள். பள்ளி வேனில் நாமக்கல்லுக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் வலப்பக்கம் அடிவயிற்றை மெதுவாக அழுத்திவிட்டுக் கையைச் சட்டென்று எடுத்தார். அழுத்தும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள், கையை எடுத்ததும் கத்திவிட்டாள். குடல்வால் அழற்சி. விடிந்ததும் ஆபரேஷன்.

மதியம் அவள் அப்பா வந்து சேர்ந்தார். "ராத்திரியோட ராத்திரியா கொண்டாந்து சேத்தீங்களே டீச்சர்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஒன்பது மணிக்கே அவள் வந்து சொன்னதும், நான் நம்பாமல் திருப்பி அனுப்பியதும் அவருக்குத் தெரியாது. சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம், "இனிமே யார் சொன்னாலும் கேட்டுக்குங்க டீச்சர்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அதிலிருந்து வலி என்று ஒரு பிள்ளை இரண்டாவது முறை வந்து சொன்னால், டெஸ்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் டாக்டரிடம் கூட்டிப்போய்விடுவேன். ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்தது பல தடவை. பெட்ரோல் செலவு என்று ஆபீசில் முணுமுணுத்தார்கள். ஆனால் டாக்டர் ஒன்றும் இல்லை என்ற பிள்ளைகளிடம் திரும்பி வரும் வழியில் பேச்சுக் கொடுத்தால் ஏதாவது ஒன்று இருக்கும். கிளாசில் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கியிருப்பாள். மேல்கட்டில் அக்கா அவள் நெய் பாட்டிலை எடுத்துக்கொண்டு மிரட்டியிருப்பாள். நான் கொஞ்சமும் எதிர்பாராத காரணம் ஒன்றும் அடிக்கடி வந்தது. பாத்ரூம் அசிங்கமாக இருக்கிறது என்று நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். அதனால் நீர்க்கடுப்பு வரும், அடிவயிறு வலிக்கும்.

அதனால்தான் பள்ளியைப் பார்க்க வருகிறவர்களிடம் வரவேற்பறையில் மாட்டியிருக்கும் மார்க் போர்டை விட்டுவிட்டு முதலில் பாத்ரூமைப் பாருங்கள் என்கிறேன். முடிந்தால் காலை ஆறு மணிக்கு வாருங்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் குளிக்கிற நேரம் அது. குழாயைத் திறந்து பாருங்கள், தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள், மூடியுள்ள குப்பைக்கூடை உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். நாப்கினை எங்கே போடுவது என்று தெரியாமல் தவித்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கோடையில் தண்ணீருக்கு என்ன வழி என்று கேளுங்கள்.

அப்புறம் படுக்கும் ஹால். ராத்திரி வெளியிலிருந்து பூட்டுகிறார்களா? பூட்டினால் சாவி யாரிடம் இருக்கும், ஒரு அவசரத்துக்கு எத்தனை நிமிடத்தில் திறப்பார்கள்? அதே மாடியில் பெரியவர் ஒருவர் படுக்கிறாரா? கீழ்த்தளத்தில் வார்டன் ரூம் இருக்கிறது என்பது பதில் ஆகாது, ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பிள்ளை இருட்டில் படியிறங்கி வர வேண்டியிருக்கும். பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிகளை முறைப்படுத்த தமிழ்நாட்டில் 2014-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது, மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்கத் தயங்க வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் பள்ளிக் கல்வித் துறையின் 14417-ஐயும் பிள்ளைக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள். யாராவது தொட்டால், அடித்தால், வெளியே சொல்லாதே என்று மிரட்டினால், உடனே என்னிடம் சொல், நான் உன்னைத் திட்ட மாட்டேன் என்று உங்கள் வாயாலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிராவிட்டால் பிள்ளை தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்ளும்.

சாமான் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துணிகளில் பெயரை மார்க்கரில் எழுதாமல் நூலால் தைத்துக் கொடுங்கள், பத்து சலவைக்கு மேல் மை நிற்காது. விலை உயர்ந்த வாட்ச், கம்மல் வேண்டாம். பேனும் ஈரும் எடுக்க ஈர்கோலி ஒன்று கட்டாயம். ஒருத்திக்குச் சொறி வந்தால் பக்கத்துக் கட்டில்களுக்கும் வரும், லீவுக்கு வரும்போது போர்வையை வெந்நீரில் ஊறவைத்துத் துவையுங்கள். ஆறாம் வகுப்புப் பெண்ணை அனுப்பும் முன்னால் மாதவிலக்கு பற்றிச் சொல்லி, நாப்கின் பாக்கெட் ஒன்றைப் பெட்டியின் அடியில் வைத்துவிடுங்கள். படுக்கையை நனைக்கும் பழக்கம் இருந்தால் வார்டனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். மறைத்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய. சொன்னால் கீழ்க்கட்டிலும் ரப்பர் ஷீட்டும் கொடுத்து, ராத்திரி ஒரு மணிக்கு நானே எழுப்பிவிடுவேன், யாருக்கும் தெரியாது.

பெற்றோர் வரும் ஞாயிறு எங்கள் விடுதியில் திருவிழா மாதிரி. புளியமரத்தடியில் பாயும் பேப்பரும் விரித்து, டிபன் கேரியரைத் திறந்தால் கறிக்குழம்பு வாசம் மைதானத்துக்கே வரும். அதே நேரத்தில் துணி துவைக்கும் கல்லில் மூன்று நான்கு பிள்ளைகள் நிற்பார்கள். யாரும் வராத பிள்ளைகள். அந்த நேரம் பார்த்துத்தான் அவர்களுக்குத் துவைக்கத் துணி இருக்கும். நீங்கள் போகும்போது இன்னொரு ஆளுக்கும் சேர்த்து எடுத்துப் போங்கள், உங்கள் பிள்ளையையே போய்க் கூட்டி வரச் சொல்லுங்கள். நீங்கள் வர முடியாத ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிள்ளையை அந்த வீட்டார் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள்.

எப்போது திரும்ப அழைத்துப் போவது? இந்தக் கேள்விக்கு நானே ஒருமுறை தப்பாகப் பதில் சொல்லியிருக்கிறேன். கரூர்ப் பக்கத்துப் பெண், ஏழாம் வகுப்பு. ஜூன், ஜூலையில் அழுதாள், ஆகஸ்டில் நின்றுவிட்டது. சொன்னதைச் செய்வாள், யார் வம்புக்கும் போக மாட்டாள். "நன்றாகப் பழகிவிட்டாள்" என்று அவள் ரிப்போர்ட்டில் நான்தான் எழுதினேன். அரையாண்டு லீவுக்குக் கூட்டிப்போன அப்பா, லீவு முடிந்து அவளில்லாமல் தனியாக வந்தார். "முன்னெல்லாம் எப்பப்பா கூட்டிட்டுப் போவீங்கன்னு கேப்பாங்க மேடம். இப்ப கேக்கறதே இல்லைங்க. சோறு வச்சா திங்கறா, வைக்கலைன்னாலும் கேக்க மாட்டேங்கறா. என்ற பொண்ணு இப்படி இருந்தவ இல்லைங்க." கட்டிய பீஸ் திரும்பக் கிடைக்காது என்று ஆபீசில் சொன்னார்கள். "போகட்டுமுங்க" என்று டிசி வாங்கிக்கொண்டு, ட்ரங்க் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். அவளை ஊரில் அரசுப் பள்ளியில் சேர்த்திருந்தார். ஆறு மாதம் கழித்துப் போனில், "இப்ப தம்பியோட ஒரே சண்டைங்க மேடம்" என்றார். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

அழுகிற பிள்ளையைப் பார்த்து இப்போது எனக்குப் பயம் வருவதில்லை. கேட்பதை நிறுத்திவிட்ட பிள்ளை, சாப்பாடு பிடிக்கவில்லை என்றுகூடச் சொல்லாத பிள்ளை, லீவு விட்டாலும் பெட்டி கட்ட அவசரப்படாத பிள்ளை, இவர்களைப் பார்த்தால்தான் வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

என்னைக் கேட்டால் ஆறாம் வகுப்புக்கு முன்னால் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். பக்கத்தில் நல்ல பள்ளி இருந்தால், மார்க்குக்காக மட்டும் அனுப்புவதும் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் சில வீடுகளுக்கு விடுதியை விட்டால் வேறு வழியில்லை. கொல்லிமலையில் உள்ளடங்கிய ஊர்களில், அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி இருப்பதால்தான் பல பிள்ளைகளின் படிப்பு நிற்காமல் போகிறது. செங்கல் சூளைக்கு ஊர் ஊராகப் போகும் குடும்பங்களுக்கும் அப்படித்தான். தனியாருக்குப் பணம் கட்ட முடியாதவர்கள், பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையும் ஆதிதிராவிடர் நலத்துறையும் நடத்தும் இலவச விடுதிகளைப் பற்றி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். அங்கேயும் பார்க்க வேண்டியது இதேதான்: பாத்ரூம், ராத்திரியில் சாவி, பிள்ளை சொன்னால் கேட்கிற ஆள்.

2019 ஜூனில், என்னிடம் படித்துப் போன பெண் ஒருத்தி தன் தங்கையைச் சேர்க்கக் கூட்டி வந்தாள். நர்ஸ் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். அப்பா, அம்மா ஆபீசில் உட்கார்ந்திருக்க, இவள் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு நேராகப் பின்கட்டுக்குப் போய்விட்டாள். நான் வாளியில் பெயர் எழுதி முடிப்பதற்குள் திரும்பி வந்து எதிரில் நின்றாள்.

"மேம், மூணாவது பாத்ரூம் தாழ்ப்பா இன்னும் சரியா விழல."

பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். விழவில்லைதான். அன்று சாயங்காலமே ஆசாரியை வரவழைத்தேன்.